அவள் சொல்ல நான் எழுதிய கனவுகள்

என் தங்கைக்கு வலது மணிக்கட்டு உடைந்தபோது அவளுடைய அரசுப் பணித் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. ஸ்கூட்டியை ஓட்டியது நான். அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில், தைலமரக் காட்டை ஒட்டிய ஒரு வளைவில், வண்டி சரளையில் இறங்கிச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பின்னால் உட்கார்ந்து பாடக் குறிப்பைப் படித்துக்கொண்டு வந்தவள், கையை ஊன்றி விழுந்தாள். ஆடு குறுக்கே வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

தேர்வு நடந்த அன்று அவள் மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தாள். ஹால் டிக்கெட்டை ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்தாள். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வளைவு தினமும் கனவில் வந்தது. மத்தியானம் மாத்திரை போட்டுக் கண்ணயர்ந்தால்கூடத் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். போகப் போக, தூங்குவதற்கே பயந்தாள்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனில் தேடியபோது ஒரு பயிற்சி கண்ணில் பட்டது. கனவுக்குள் இருக்கும்போதே அது கனவு என்று தெரிந்துகொள்ளப் பழகலாம், தெரிந்துவிட்டால் பயம் விட்டுப்போகும் என்று போட்டிருந்தது. செய்த காரியத்துக்கு ஈடாக அவளுக்கு ஏதாவது செய்துவிடத் தவித்துக்கொண்டிருந்த எனக்கு, அது போதுமானதாக இருந்தது.

கனவில் எழுத்துகள் நிலையாக நிற்காதாம். கண் பார்வையைச் சோதிக்கும் எழுத்து அட்டை ஒன்று கடையில் ஒதுக்கிப் போட்டிருந்தது; அதைக் கேட்டு வாங்கிவந்து அவள் அறையில் ஒட்டினேன். ஒரு வரியைப் படித்துவிட்டுத் திரும்பிக்கொள்ள வேண்டும், மறுபடியும் அதே வரியைப் பார்க்க வேண்டும். மாறியிருந்தால் கனவு. இன்னொன்று, மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பது. கனவென்றால் பொத்தினாலும் மூச்சு வரும். பகலில் அடிக்கடி இப்படிச் சோதித்துப் பழகினால் கனவுக்குள்ளும் கை தானாக மூக்குக்குப் போகும் என்றும் அதில் போட்டிருந்தது. அவள் கூடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சளி பிடித்திருக்கிறது என்று அம்மா இரண்டு நாள் கசாயம் வைத்துக்கொடுத்தார்.

படுக்கும்போது, அடுத்த கனவில் அது கனவென்று எனக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே தூங்க வேண்டும். விழித்ததும் கண்டதையெல்லாம் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். அவளால் எழுத முடியாது. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

மூன்றாவது வாரம், ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நோட்டை எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வண்டியில போறேன்க்கா. கையப் பாத்தா மாவுக்கட்டு இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது கனவுன்னு."

அதற்குப் பிறகு பயமே வரவில்லையாம். வளைவு வருவது தெரிந்தும் பதறாமல் உட்கார்ந்திருந்தாளாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேகவேகமாக எழுதினேன்.

"இங்கிட்டும் அங்கிட்டும் நிதானமாப் பாத்தேன். ரோட்டுல ஆடே இல்லக்கா. நீ ஒரு கையில போன வச்சுப் பாத்துக்கிட்டு இருந்த."

பேனா அங்கேயே நின்றது. நடந்தது அதுதான். தோழி ஒருத்தி புதுச் சேலையின் படம் அனுப்பியிருந்தாள். வண்டியின் முன்பையில் போன் வெளிச்சம் அடித்ததும் எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு அற்பமான விஷயத்துக்கு.

"கனவுல எல்லாம் நடந்தபடியே வருமாடி?" என்றேன்.

அவள் முகம் சின்னதாகிவிட்டது. சுவரில் இருந்த எழுத்து அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமா, கனவுதான" என்றாள். நான் 'பயம் இல்லை' என்று மட்டும் எழுதி நோட்டை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வண்டியில் செய்ததைக் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் சொன்னதைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று காலை செய்ததற்கு எனக்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. எது கனவு, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்க வாரக்கணக்கில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நோட்டோடு ஏறி வந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னத நீ எழுதலையேக்கா."

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் மறுபடியும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேனோ என்னவோ. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கைக்கு வலு வருவதற்காக டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருந்தா வலியோட வலியாப் போயிருக்கும்" என்றாள். படி இறங்கும்போது, அப்பாவிடமும் நானே சொல்லிவிட வேண்டும் என்றாள்.

அன்று சாயங்காலமே சொன்னேன். அப்பா திட்டவில்லை. ஆணியில் தொங்கிய ஸ்கூட்டி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அவள் இப்போது அடுத்த தேர்வுக்குப் பஸ்ஸில் வகுப்புக்குப் போகிறாள். என்னோடு பேசுகிறாள், என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொள்கிறாள். கனவுகளை மட்டும் சொல்வதில்லை. அந்த விழுகிற கனவு நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறது என்று போன வாரம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.