அப்பாவின் கால்களை இடம் மாற்றிப் பூட்டினோம்

பாபநாசநாதர் திருவடியில் அப்பா சேர்ந்து ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுது என்று அம்மா சொன்னார்கள். மூத்த மகனான எனக்குப் படிப்பு குறைவு; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது ஆழ்வார்குறிச்சி. சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு கல்லிடைக்குறிச்சியில் எங்களைக் குடிவைத்தார்கள். ஒருநாள் சாலையோரம் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த வண்டி மோதி, இரண்டு கால்களும் பாதித் தொடையோடு போயின.

முதலில் கிடைத்த செயற்கைக் கால்கள் தொடையில் உறை போல மாட்டுபவை. நம் ஊர் வெயிலில் வேர்த்து, தோல் உரிந்து, பாதி நாள் அப்பா கையூன்றித்தான் நகர்ந்தார்கள். வாசலில் ஆள் அரவம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

அதன்பின் சென்னையில் தொடை எலும்புக்குள்ளேயே உலோகத் தண்டைப் பதித்து, அதன் நுனியைத் தோலுக்கு வெளியே விட்டு, அதில் காலைப் பூட்டும் வைத்தியம் செய்தார்கள். பல மாதப் பயிற்சி. முற்றத்தில் இறங்கி நின்ற அன்று, "ஏலே, தரை தெரியுதுலே! இது மணலு. இந்தா, இது சிமெண்டு. எலும்பு வழியா வந்து சொல்லுது" என்று சிரித்தார்கள். "பைய, பைய" என்று அம்மா பின்னாலேயே போனார்கள்.

டீக்கடையில் ஒருவர், "அண்ணாச்சி, தொடையில கம்பி நீட்டிக்கிட்டு இருக்காமே. வேட்டியத் தூக்கும், பாப்போம் வே" என்றார். "டிக்கெட் எடுத்துட்டு வாரும் வே" என்று அப்பாவும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அதன்பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. காலைக் கழற்றவும் பூட்டவும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கம்பி வெளிவரும் இடத்தைத் தினமும் உப்புநீரால் துடைக்க வேண்டும். அதற்கு அம்மாவுக்கு மட்டுமே அனுமதி. ஆற்றில் இறங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தாமிரபரணியைப் படித்துறை மேல்படியில் நின்றே கும்பிடுவார்கள். பிரதோஷம் ஒன்றையும் விட்டதில்லை.

தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. கால்கள் கட்டிலுக்கடியில் இருந்தன. ஆண்கள் சேர்ந்து, இடுப்பில் சுற்றிய துணியை விலக்காமலே குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டினோம்.

"வேட்டி தட்டையாக் கிடக்கு, பாக்கச் சகிக்கல. காலை மாட்டுங்கலே" என்றார் சித்தப்பா.

நானும் தம்பியும் ஆளுக்கொரு காலை எடுத்துப் பூட்டினோம். சொந்தங்களும் தெருக்காரர்களும் சுற்றி நின்றார்கள். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டத் துணியோடு குனிந்த சித்தப்பா அப்படியே நிமிர்ந்தார்.

"ஏலே, பெருவிரல் ரெண்டும் வெளிப்பக்கம்லா நிக்கி! இடதை வலதுல மாட்டிருக்கிய."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. அவசரத்தில் பூட்டியதைக் கழற்றத் தெரியவில்லை. இழுத்த இழுப்பில் வேட்டி விலகி, அம்மாவைத் தவிர அப்பா ஒருவருக்கும் காட்டாத இடம் அத்தனை பேருக்கும் தெரிந்தது.

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்து வந்து வேட்டியை இழுத்து மூடினார்கள்.

"விடுங்கலே. அவுகளுக்குக் கூச்சம்னு தெரியாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? எல்லாரும் வெளிய போங்க."

"நானுமாம்மா?"

"நீயுந்தாம்லே."

சித்தப்பா கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டு அம்மா கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது பாதங்கள் நேராக இருந்தன. விரல்களைச் சேர்த்து அம்மாவே கட்டியிருந்தார்கள். விழுந்து கும்பிட்டேன். பெற்ற தகப்பனுக்கு எந்தக் கால் எந்தப் பக்கம் என்று தெரியாத பிள்ளையாக ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்திருக்கிறேன். இன்றும் சந்நிதியில் நிற்கும்போது அதை நினைத்துத் தலை குனிகிறேன்.

இதை அச்சில் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுது. நம்ம தப்பைத்தான எழுதுத, அவுக உடம்பை இல்லல்லா" என்றார்கள்.

அப்பாவை மறுபடி நிற்கவைத்த மருத்துவர்களுக்கும், நடை பழக்கியவர்களுக்கும், துக்கத்தில் துணை நின்ற தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அம்மா சொன்ன உடனே மறுபேச்சில்லாமல் வெயிலில் போய் நின்றீர்கள். கதவு திறக்கும்வரை ஒருவர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என் அப்பாவுக்கு நான் செய்யத் தெரியாத மரியாதையை நீங்கள் செய்தீர்கள். உங்கள் ஒவ்வொருவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.