மணி நின்றதும் பதில் சொன்னவன்

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். போலீஸிடம் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். என் மனைவி அரெட்டியிடம் சொன்னேன். நடந்தது இதுதான்.

டிசம்பர் பதினொன்று. அல்பேனிய எல்லையை ஒட்டிய எப்பிரஸ் மலைக்காடு. நானும் அரெட்டியின் ஒரே தம்பி தீமியோஸும் காட்டு உள்ளான் வேட்டைக்குப் போயிருந்தோம். வடக்கே பனி விழுந்தால் எங்கள் பக்கம் வரும் பறவை. எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. நேற்று ஐந்து எழும்பிய பள்ளத்தில் இன்று வெள்ளை எச்சம் மட்டும் கிடக்கும். மூன்று வாரமாக எங்களுக்கு எச்சம்தான்.

"அத்தான், நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சாலே அல்பேனியாவுக்குத் திரும்பிப் போயிடுது."

"பேசாம நட மச்சான். உன் இருமல் கேட்டுத்தான் ஓடுது."

அவனுடைய நாய் நெராவின் கழுத்தில் மணி. மணி நின்றால், நாய் பறவையைக் கண்டு உறைந்து நிற்கிறது என்று பொருள். பெரணிப் புதரில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அதனால் மணி நின்றதும் கூட வந்தவனை அழைக்க வேண்டும். அவன் நிற்கும் இடம் தெரியாமல் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது. பதினெட்டு வருடத்தில் நாங்கள் ஒருமுறைகூட இதைத் தவறவிட்டதில்லை.

அன்றும் தவறவிடவில்லை.

மூன்று இருபதுக்கு மூடுபனி இறங்கியது. அவன் இடப்பக்கம் ஓடையை ஒட்டிப் போனான்.

மூன்று நாற்பத்திரண்டு. மணி நின்றது.

"மச்சான், எங்க நிக்கிற?"

"ஓடைகிட்ட, அத்தான்..." ஒரு இருமல். "...நீங்க சுடுங்க."

அவன் குரல்தான். ஆனால் எனக்கு நாலடி முன்னால் உறைந்து நின்ற நெராவைப் பார்த்தேன்; அவன் குரலுக்கு எப்போதும் அசையும் அதன் காது அசையவில்லை.

மறுபடி கூப்பிட்டேன்.

"ஓடைகிட்ட, அத்தான்..." அதே இடத்தில் அதே இருமல். "...நீங்க சுடுங்க."

மூன்று வாரம் பறவையே காணாதவன் நான்.

பறவை எழுந்தது... வலப்பக்கம்.

சுட்டேன்.

மணி ஒலித்தது. நெரா பறவையிடம் போகவில்லை.

ஊளையிட்டது.

புதரை விலக்கினேன்...

தீமியோஸ்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தேன். அழவில்லை. விரல்கள் சூடாக இருந்தன; அது மட்டும் நினைவிருக்கிறது.

பிழைத்துக்கொண்டான். கண்கள் போய்விட்டன. ஒன்பதாம் நாள்தான் பேசினான். நான்தான் முதலில் கேட்டேன்.

"நான் கூப்பிட்டது கேட்கலையா, மச்சான்?"

"கேட்டுச்சே. அதனாலதானே வலப்பக்கம் வந்தேன்."

"எதைக் கேட்ட?"

"'பறவை இந்தப் பக்கம் இருக்கு, வா'ன்னீங்க. 'துப்பாக்கி?'ன்னு கேட்டேன்." கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினான்.

"'கீழ வச்சிட்டேன், பயப்படாம வா'ன்னு நீங்கதானே அத்தான் சொன்னீங்க?"