கறை பிடிக்கும் துணி

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேச எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் ரசியா அக்காவைப் பற்றி எழுதி, கேன்டீன் பலகையில் ஒட்டுகிறேன்.

செய்தி வந்தபோது பின்கொட்டகையில் துணியிலிருந்து பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் தம்பி போனில் பேசினார். "காலைல நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள மவுத்தாயிட்டாங்கம்மா." போனை வைத்ததும் மோட்டார் ஓடுகிறதா என்றுதான் திரும்பிப் பார்த்தேன். அக்காவும் எந்தச் செய்தி வந்தாலும் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

அலுவலகப் பக்கம் இருப்பவர்கள் அந்தக் கொட்டகைக்கு வந்திருக்க மாட்டீர்கள். நம் ஆலைக் கழிவுநீர்த் தொட்டியில் பாதி மூழ்கியும் பாதி வெளிச்சத்திலுமாக ஒரு துணிப்பட்டை மோட்டாரில் மெதுவாகச் சுற்றுகிறது. அதில் பாசி ஏடுபோலப் படியும். சுரண்டி உலர்த்தினால் எண்ணெய் எடுக்கலாம். அந்த எண்ணெயை டீசலுக்குப் பதிலாக எரிக்கும்படி மாற்றலாம். இதுதான் அக்காவின் ஆராய்ச்சி; நான் அவருக்கு உதவியாள். வரும் திங்கட்கிழமை அந்தத் துணியைக் கழுவி, கொட்டகையைக் காலி செய்துவிட்டு அட்டைப்பெட்டி அடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஆரம்பத்தில் பட்டைக்குத் துணி வாங்க அக்காவும் நானும் காவேரிப்பட்டினம் போனோம். அக்கா ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இதுல கறை நல்லாப் புடிக்குமாண்ணே?" என்றார்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊரே கறை போற துணி கேக்குது. உங்களுக்கு ஏம்மா இப்படி ஒரு ஆசை?"

"ஒட்டுனா விடக் கூடாதுண்ணே. என் மாமியா மாதிரி."

பாசி நன்றாக வளர்ந்தாலும் அக்காவுக்குப் பயம். "கெட்டியா வந்திருக்குக்கா" என்று நான் சொன்னால் முகம் மாறிவிடும். "சிரிக்காதடி. அடியில வெளிச்சம் போகாது, மொத்தமா உரிஞ்சு விழுந்துரும். இன்னிக்கே சுரண்டு. ஆனா துணியில கொஞ்சம் விட்டு வையி, அதுலருந்துதான் மறுபடி வரணும்."

ஒருமுறை பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று, துப்புரவு செய்யும் மங்கம்மா பிளீச்சிங் பவுடர் போட்டுப் பட்டையை வெள்ளைவெளேரென்று தேய்த்துவிட்டார். "ஒரே பாசி, நாத்தம். பளபளன்னு ஆக்கிட்டேன், பாரும்மா!" அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "என் சோத்துல இவ்ளோ சுத்தமா யாரும் மண்ணள்ளிப் போட்டதில்ல மங்கம்மா" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பட்டையைச் சுற்றும் உருளைக்கு அடியில் மடிந்திருந்த நாலு விரல் அகலம் மட்டும் பிழைத்திருந்தது. இன்று பட்டை முழுக்க இருப்பது அதிலிருந்து வந்ததுதான். திங்கட்கிழமை கழுவினால் அப்படி ஓர் ஓரமும் மிஞ்சாது.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயம். கரண்ட் போனால், பட்டை நின்று பாசி காய்ந்துவிடுமே என்று சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இதுவரை எவரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. இப்போது கேட்கிறேன். அந்தத் துணியைக் கழுவாதீர்கள். கொட்டகையில் ஒரு மூலையும் ஒரு பிளக்பாயின்டும் போதும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுங்கள்.