எல்லை தாண்டிய காப்பு

பத்து நாளில் அவிழ்க்க வேண்டிய ஒரு நூலை மூன்று வருடத்துக்கு மேல் கையில் கட்டிக்கொண்டு வாழ்ந்தவள் நான். அந்த நூல்தான் என்னை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அம்மாளின் பிள்ளைகளே, அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நம் மாரியம்மன் கோயில் திருவிழா மலருக்கு எழுதித் தரும்படி பூசாரி அண்ணன் கேட்டபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சாமி காப்பாற்றிய கதையைச் சொல்கிறவர்கள் ஒழுங்காக விரதம் இருந்தவர்களாக இருப்பார்கள். நானோ விரதத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடியவள். நான் இதைச் சொன்னபோது, "அதனாலதான் உன்னைய எழுதச் சொல்றேன் பரமேஸ்வரி" என்றார். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. வட்டகொடைக்கு மேலே உள்ள நம் தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், மகள் வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் தாரணிக்கு அப்போது எட்டு வயது. வெளிநாட்டு வீட்டு வேலைக்கு எழுதிப்போட்டு, பயிற்சியும் முடித்து, ஏழு மாதமாகக் காத்திருந்தேன். இனிமேல் வராது என்று நினைத்துத்தான் அந்த வருடத் திருவிழாவுக்குக் காப்பு கட்டினேன். பூசாரி அண்ணன் மஞ்சள் துண்டு கோத்த நூலை என் வலது மணிக்கட்டில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். காப்பு கட்டினால் திருவிழா முடிந்து அம்மாள் முன்னால் அதை அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இது நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மறுநாளே தரகர் போன் பண்ணினார். நாளைக் காலையில் கொழும்புக்குப் புறப்பட வேண்டும், வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்றார். பூசாரி அண்ணனிடம் சொல்லியிருந்தால் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு அவிழ்த்து விட்டிருப்பார். "போகாதே" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் சொல்லவில்லை. விடியும்போது கிளம்பினேன். லயத்துக் காம்பராவில், எங்கள் ஒற்றை அறை வீட்டில், தாரணி என் அக்காவோடு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் அழுவாள், அழுதால் என் கால் நகராது. எழுப்பவில்லை. அவள் போட்டுக் கிழிந்த மஞ்சள் சட்டை ஒன்றை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

நம் எல்லைக்கல்லை ஆட்டோ தாண்டும்போது சால்வையால் கையை மூடிக்கொண்டேன். அம்மாளுக்குத் தெரியாமல் மறைக்கிறேனாம்! எவ்வளவு பெரிய புத்திசாலி, பாருங்கள்.

அரபு நாட்டில் நான் போய்ச் சேர்ந்த வீடு பெரியது. படுக்கையிலேயே இருந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான் முக்கியமான வேலை. அவருடைய மகள்தான் வீட்டுக்காரி. வீட்டுக்காரியை அங்கே 'மாமா' என்று கூப்பிட வேண்டுமாம், அவர்கள் பேச்சில் அது அம்மாவாம். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஆள் இல்லை. தனிமை என்றால் என்னவென்று அன்றைக்கே கொஞ்சம் புரிந்தது.

அடியும் இல்லை, பட்டினியும் இல்லை. பொய் சொல்லக் கூடாது. ஆனால் என்னோடு பேச யாரும் இல்லை. "கொண்டு வா, துடை, சீக்கிரம்" என்ற மூன்று நான்கு சொல்தான் காலை முதல் மாலை வரை என் காதில் விழும். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியும். பச்சை என்று கண்ணுக்குப் பட ஒரு புல் இல்லை. மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளும்போது, கூடை நிறையட்டும் என்று "பொலி பொலி" சொல்லித்தானே தொடங்குவோம்? அங்கே காலையில் பாத்திரத்தில் கை வைக்கும்போது நானே எனக்கு "பொலி பொலி" என்று சொல்லிக்கொள்வேன். பதிலுக்குக் குழாய்த் தண்ணீர் சத்தம்தான் கேட்கும்.

சாமி படம் கொண்டுபோகவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் இருந்த சின்ன அறைதான் என் கோயில். எங்கள் அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். அங்கே சக்கரத்தை ரோதை என்பார்கள், அதற்குக் காவலாக ரோதை முனியைக் கும்பிடுவார்கள். எனக்கு அந்தத் துவைக்கும் இயந்திரமே ரோதை முனி ஆகிவிட்டது. அது சுற்றும்போது அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசுவேன். காப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். "தாயே, இது உன் நூல். உன் காலடியில் வந்து அவிழ்க்கிறேன். அதுவரைக்கும் அறுந்துபோக விடாதே" என்பதுதான் என் வேண்டுதல்.

நூல் என்ன இரும்பா? மஞ்சள் நிறம் ஒரு மாதத்தில் போய்விட்டது. சோப்புத் தண்ணீரில் நைந்து பஞ்சு பஞ்சாக வந்தது. தலையணை உறையிலிருந்து நூல் பிரித்து அதன்மேல் சுற்றினேன். பிறகு நம் ஊர்ச் சேலை ஓரத்திலிருந்து பிரித்துச் சுற்றினேன். கடைசியில் தாரணியின் மஞ்சள் சட்டையிலிருந்து ஒவ்வொரு இழையாக எடுத்துச் சுற்றினேன். அது என்ன என்று வீட்டுக்காரி கேட்டபோது கைவலிக்கு மருந்து என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

முதல் இரண்டு வருடம் வெள்ளிக்கிழமைகளில் போன் பேசினேன். ஆரம்பத்தில் தாரணி அழுவாள். பிறகு பள்ளிக்கூடக் கதை சொன்னாள். அதற்குப் பிறகு நான் என்ன கேட்டாலும் "ம்" என்றாள். அழுகையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த "ம்" என்னைக் கொன்றது. இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பும்படி வீட்டுக்காரியிடம் சொன்னேன். அடுத்த மாதம் என்றாள். அதற்கும் அடுத்த மாதம் என்றாள். பாஸ்போர்ட் அவளிடம் இருந்தது. ஒருநாள் சத்தம் போட்டுக் கேட்டுவிட்டேன். அன்றோடு என் போனும் அவள் அலமாரிக்குள் போய்விட்டது.

எட்டு மாதம் ஒரு தமிழ்ச் சொல்லும் காதில் விழவில்லை. தாரணியின் முகத்தை நினைத்தால் எட்டு வயது முகம்தான் வந்தது, இப்போது எப்படி இருப்பாள் என்று தெரியவில்லை. என்ன ஆனாலும் எல்லாவற்றுக்கும் காப்போடு எல்லை தாண்டியதுதான் காரணம் என்று நினைத்தேன். அம்மாள் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தேன். செத்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தச் சின்ன அறையில் அம்மாளோடு சண்டை போட்டேன். "நான் தப்புப் பண்ணினேன்தான். அதுக்குப் புள்ளையப் பறிப்பியா? உனக்கும் புள்ளைங்க இல்லையா? ஒன்னு என்னையக் கூட்டிட்டுப் போ, இல்லாட்டி இந்த நூல அறுத்து விடு, நானும் உன்னைய மறந்துர்றேன்." வாய்விட்டுக் கத்தினேன். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்ததால் வெளியே கேட்டிருக்காது. நூலைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அறுபடவில்லை.

மூன்றாம் நாள் அந்த வயதான அம்மா கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். துணைக்கு என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இதில்தான் எனக்கு வழி பிறந்தது. ஆனால் அவர் வலியில் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்காக அவர் விழுந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாளின் கணக்கு எனக்குப் புரியாது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் சட்டைக் கையை மடித்துவிட்டு அந்த அம்மாவுக்குத் துணி பிழிந்துகொண்டிருந்தேன். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் என் கையையே பார்த்தாள்.

"ஏங்க, இது காப்புதானே?"

தமிழ்! தலையை மட்டும் ஆட்டினேன்.

"எப்பங்க திருவிழா?"

"மூணு வருசத்துக்கு முந்தி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ! காப்போட எல்லை தாண்டிட்டீங்களா? ஊருக்குப் போயி அவுக்க வேணாமா?"

"போக விட மாட்டேங்கிறாங்க."

அதற்குப் பிறகு அழுகைதான். அவள் பெயர் விமலா, திருச்சிப் பக்கம். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எங்க ஊருக்காரங்க மாதிரியே பேசுறீங்களே" என்றாள். எங்கள் முன்னோர் அந்தப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று சொன்னேன். அந்த நூலை அந்த வீட்டுக்கு வந்துபோன எத்தனையோ பேர் பார்த்தார்கள். ஒருவருக்கு அது அழுக்கு, ஒருவருக்கு மருந்து. காப்போடு எல்லை தாண்டியவள் திரும்பிப் போயே ஆகவேண்டும் என்று தெரிந்த ஒருத்தியை அந்தக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? நீங்களே சொல்லுங்கள்.

விமலா அன்றைக்கே நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். வேறு ஊரில் இருந்த அந்த அம்மாவின் மகன் வந்தபோது அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் அவர்கள் மொழியில் சொன்னாள். நான் விரும்பித்தான் தங்கியிருக்கிறேன் என்று வீட்டுக்காரி தன் அண்ணனான அவரிடம் சொல்லியிருந்தாளாம். பாஸ்போர்ட்டையும் போனையும் அவரே வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து பதினேழாம் நாள் விமானம் ஏறினேன். விடைபெறப் போனபோது அந்த வயதான அம்மா என் காப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை விட மாட்டேன் என்றார். அவரும் தனி ஆள்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கியபோது பனி மூட்டம். அக்காவின் நம்பர் மாறியிருந்ததால் நான் வருவது யாருக்கும் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எல்லைக்கல்லுக்கு வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் மலையில் வேலையில் இருந்தார்கள். லயத்தில் தாரணி மட்டும் இருந்தாள். பதினொரு வயது, என் தோள் உயரம். "வாங்க" என்றாள். விருந்தாளிக்கு வைத்திருக்கும் கண்ணாடிக் கோப்பையைக் கழுவி, சாஸரோடு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கடல் தாண்டிய தனிமை எல்லாம் அந்தக் கோப்பைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மறுநாள் கோயிலுக்கு அவளையும் கூட்டிப்போனேன். பூசாரி அண்ணன் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார்.

"சொல்லாமப் போயிட்டேன் அண்ணே. அம்மா கோவிச்சுக்கிட்டா."

"அம்மா ஏன் கோவிக்கிறா? நீ கட்டிட்டுப் போன நூல மூணு வருசம் அறுக்காம வச்சிருந்தவ அவ. சொல்லாமப் போனது அவகிட்ட மட்டுமா?" என்று சொல்லிவிட்டு தாரணியைப் பார்த்தார்.

எனக்குத் தலையில் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. மூன்று வருடம் அம்மாளிடம் மட்டுமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காப்பை அறுக்கக் கூடாது, அவிழ்க்க வேண்டும். அவர் முயன்று பார்த்தார். மேலே மேலே சுற்றியதில் முடிச்சு கல்லாகியிருந்தது. "எனக்குக் கண்ணும் தெரியல, விரலும் வளையல. நீ அவுத்து விடு தங்கச்சி" என்று தாரணியிடம் சொல்லிவிட்டு விளக்குத் துடைக்கப் போய்விட்டார்.

அவள் என் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இழை கழன்று வந்தது. தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னா நூலு?"

"உன் மஞ்சள் சட்டை."

"அத எடுத்துக்கிட்டா போனீங்க? நான் எங்கெல்லாம் தேடினேன்!"

பிறகு சேலை நூல். பிறகு தலையணை உறை. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கேட்டாள், நான் சொன்னேன். துவைக்கும் இயந்திரத்தோடு பேசியதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். அன்றைக்கு உன்னை எழுப்பாமல் போனது தப்பு, மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. என் மணிக்கட்டில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. மத்தியானச் சங்கு ஊதும் நேரத்தில் அடியில் இருந்த காப்பு நூல் வந்தது. மஞ்சள் துண்டு மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

எல்லாவற்றையும் ஓடையில் விட்டோம். வீட்டுக்கு ஏறி வரும்போது தாரணி என் காப்பு இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே எங்க போனாலும் என்னைய எழுப்பிச் சொல்லிட்டுப் போ. நான் அழுவேன். அழுதாலும் சொல்லிட்டுப் போ."

சொந்தங்களே, இப்போதும் சில நாட்களில் அந்த எதிர்வீட்டுச் சுவர் கண்ணில் வந்து நிற்கும். அப்போது மலைக்குப் போய் "பொலி பொலி" என்று சத்தமாகச் சொல்வேன். இப்போது பக்கத்து நிரையிலிருந்து பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அம்மாளை நம்புங்கள். கோபம் வந்தால் சண்டை போடுங்கள், பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள். தூரமாகப் போக வேண்டி வந்தால் அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் தூங்குகிற பிள்ளையையும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்த வருடத் திருவிழாவுக்கு நானும் தாரணியும் காப்பு கட்டியிருக்கிறோம். பத்து நாளைக்கு நாங்கள் எங்கேயும் போகமாட்டோம்.