தடித்த தாள்

அந்தப் புத்தகத்தின் நடுவே ஒரு தாள் மட்டும் தடித்திருக்கும். விரலால் தடவினால் காய்ந்த வடகத்தைத் தொட்டதுபோல அங்கங்கே முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். போன வாரம், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் யாழினி அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்தவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தப் பக்கம் ஏன் குண்டா இருக்கு?" என்று கேட்டாள். அச்சாபீசில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.

புத்தகம் என் சித்தி எழுதியது. அம்மாவின் ஒரே தங்கை. திருவாதவூரில் பிறந்து, மதுரையில் கல்லூரி படித்து, கல்யாணமாகி அமெரிக்கா போனவள், அங்கே ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையில் இருந்துகொண்டே ஆங்கிலத்தில் கவிதை எழுத ஆரம்பித்தாள். சின்னச் சின்னப் பத்திரிகைகளில் வந்து, பிறகு தொகுப்பாகி, கடைசியில் கல்லூரி ஒன்றில் கவிதை சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது. அங்கே அவளை அமெரிக்கக் கவிஞர் என்றுதான் எழுதுகிறார்கள்.

"நம்ம கண்மாயில குளிச்ச புள்ளைய அமெரிக்கக் கவிஞர்ங்கிறாய்ங்க. கவிதை எழுதுறதுக்கு அங்கிட்டு சம்பளமெல்லாம் குடுக்குறாய்ங்களா?" என்று அப்பா கேலி செய்வார்.

"வந்தா நீங்களும் எழுதுங்க, யாரு வேணாங்குறா?" என்பாள் அம்மா. தங்கையைப் பற்றி ஒரு சொல் பொறுக்க மாட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த முழுப்பரீட்சை லீவில், சித்தி தன் வாழ்க்கையை எழுதிய அந்தப் புத்தகம் பார்சலில் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். மாத்திரை அட்டையோ கரண்டு ஆபீஸ் கடிதமோ எது வந்தாலும் "தொரசாணியக் கூப்பிடு" என்பார்கள். அதனால் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்க, நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன் என்று ஏற்பாடானது. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில், அன்றன்றைய பக்கங்களைக் காலையிலேயே அகராதியோடு உட்கார்ந்து பார்த்து வைத்துவிடுவேன்.

அப்படித்தான் ஒரு காலையில் அந்த இடம் வந்தது. இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் மதுரைக்குப் படிக்க அனுப்புவேன், மற்றவள் வீட்டைப் பார்க்கட்டும் என்று தாத்தா சொல்லியிருந்தாராம். அக்கா கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதி, மேலூர்ப் பள்ளிக்குப் போகும் தங்கையிடம் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தங்கை அதைப் போடவில்லை. கிழித்துக் கண்மாயில் விட்டாள். பதில் வராத அக்காவுக்குக் கல்யாணம் முடிந்தது. அடுத்த வருடம் தங்கை கல்லூரிக்குப் போனாள். தமிழில் சொல்ல வாய் வராததால் இந்த மொழியில் எழுதுகிறேன், அக்கா என்னை மன்னிக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் அந்தக் கல்யாணமும் அந்த அடுப்படியும் அக்காவுக்கு வாய்த்திருக்காது என்றும் இருந்தது.

பத்து வயதில் நான் கணக்குப் போட்ட விதம் வேறு. அந்தக் கல்யாணம் இல்லை என்றால் அப்பா இல்லை, நான் இல்லை. இதைக் கேட்டபின் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், இவள் பிறக்காமலே போயிருப்பாள் என்று நினைப்பாளோ என்று நடுங்கினேன். பட்டமும் கவரும் ஒட்டுவது போலச் சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, எதிரெதிரான அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒட்டி, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்தேன்.

"கதை எங்கிட்டோ தாவுன மாதிரி இருக்கே?" என்று அன்று மத்தியானம் அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. மழையப் பத்தி எழுதியிருக்கு."

"அவளுக்கு மழைன்னாக் கிறுக்கு" என்று சிரித்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

புத்தகம் முடிந்த மறு ஞாயிறு சித்தியின் போன் வந்தபோது நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். "எல்லாம் படிச்சியாக்கா?" என்றாள்.

"ஒரு பக்கம் விடாம பாப்பா படிச்சுச் சொல்லிட்டா. நல்லாத்தான் எழுதியிருக்க."

சித்தி விடவில்லை. "வேற ஒண்ணும் சொல்ல மாட்டியாக்கா?"

"வேற என்னத்தச் சொல்ல? கேட்டுக்கிட்டேன். நல்லாயிரு."

ஞாயிறு தவறாமல் வந்த போன் மாதம் ஒன்றாகி, தீபாவளி பொங்கலுக்கு என்றானது. அப்பா இறந்தபோது வந்த சித்தி விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். "பெரிய ஆளாயிட்டா, அதான்" என்றாள் அம்மா. சித்தியின் பிந்திய கவிதைகளை நான் செல்போனில் தேடிப் படிப்பதுண்டு. அநேகமாக எல்லாவற்றிலும் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண் வருவாள். அவள் யார் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைச் சித்தி கிழித்தாள், அவள் கேட்ட மன்னிப்பை நான் ஒட்டி வைத்தேன். இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. சொல்லிவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் என் கல்யாணம், என் பிரசவம், அம்மாவின் கண் ஆபரேஷன் என்று ஏதாவது குறுக்கே வரும். வராவிட்டால் நானே ஒன்றைத் தேடிக்கொள்வேன்.

இந்தச் சனிக்கிழமை காலையில் யாழினி அந்தப் புத்தகத்தோடும் ஸ்கேலோடும் வந்து நின்றாள். "இதப் பிரிச்சு நானே அம்மாச்சிக்குப் படிச்சுச் சொல்லப் போறேன்" என்றாள். அவளிடமிருந்து வாங்கி, இட்லிக் கொப்பரையின் ஆவியில் காட்டி, நானே பிரித்தேன். அடியில் நாலைந்து வரிகள் பசையோடு உரிந்து கூழாகிப் போயின.

இப்போது எங்களோடு இருக்கும் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படித்தேன். ஒட்டியது நான்தான் என்பதையும், ஏன் என்பதையும் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"அந்த வருசம் பூரா தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவேன்டி" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சோத்த வச்சா ஒட்டுன, கிறுக்கி?"

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, உரிந்துபோன இடத்தைத் தடவினாள்.

"இதுல என்ன எழுதியிருந்தா?"

"ஞாபகம் இல்லம்மா."

"அவகிட்டயே கேட்டுக்கிறேன். அங்க இப்ப மணி என்ன?"