முன்யோசனைக்காரன்

கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்கு எடுத்த முதல் நாளே, தம்பி டேனியல் கூண்டில் கீழே போய், கால் வைக்காமலே அழுதுகொண்டு மேலே வந்துவிட்டான். சொந்தபந்தமெல்லாம் அவனைத் தொடைநடுங்கி என்றது. அண்ணன் எபினேசருக்கும் உள்ளுக்குள் அதே நடுக்கம்தான். அந்தப் பெயருக்குப் பயந்தே, சுரங்கத்தை மூடும்வரை அவர் தினமும் இறங்கினார்.

இப்போது எபினேசர் பெங்களூரில் வாட்ச்மேன். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறார். ஆபீஸ் வேலைக்குப் போன டேனியல் அதே பெங்களூரில், காக்ஸ் டவுனில் வீடே வாங்கிவிட்டான்.

அந்த வீட்டின் பிரதிஷ்டை அன்று, ஆயர் ஜெபம் முடித்துப் போனதும், பிரியாணித் தட்டோடு ஆரோன் மாமா ஆரம்பித்தார்.

"டேனி முன்யோசனைக்காரன்பா. அன்னிக்கே வெளிய வந்துட்டான்."

"தொடைநடுங்கின்னு பேரு வச்சதே நீங்கதானே மாமா?" என்றார் எபினேசர்.

"அது சும்மா தமாஷ். நீதான் வெளிய வர தைரியமில்லாம குழியிலயே கெடந்துட்ட. சரியான புக்கலு, பயந்தாங்கொள்ளி!"

எல்லோரும் சிரித்தார்கள். டேனியல் சிரிக்கவில்லை. "அப்டி சொல்லாதீங்க மாமா. அண்ணன் சம்பளத்துலதான் நான் படிச்சேன்."

உடனே அத்தனை முகமும் டேனியல் பக்கம் திரும்பியது. "என்ன மனசுய்யா இவனுக்கு!"

எபினேசர் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே இறங்கினார். "ஸ்டேஷன்ல விடறேண்ணே" என்று ஸ்கூட்டர் சாவியோடு தம்பி பின்னால் ஓடிவந்தான். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.