சாமி விளக்கும் ட்ரிப் சுவிச்சும்

ஒரேத்தோ என்ற பகுதியில் நாங்கள் வாங்கிய வீடு பழையது. கூரை முழுக்க மரம். வயரிங்கும் பழையது. வயரிங் வேலை செய்யும் ஒரு இத்தாலியரைக் கூப்பிட்டுப் புது வயர் இழுத்து, புது சுவிச் போட் பூட்டினோம்.

அவர் போட்டில் கூடுதலாக ஒரு ட்ரிப் சுவிச் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். சல்வவீத்தா என்ற சுவிச் ஆளுக்குக் கரண்ட் அடித்தால் நிறுத்தும், மற்றது லோட் கூடினால் நிறுத்தும், இது வயருக்குள் பொறி பறந்தால் நிறுத்தும் என்றார். சட்டமா என்று கேட்டேன். உன் வீட்டுக்குக் கட்டாயம் இல்லை, ஆனால் மரத்துக்குக் கீழே உன் பிள்ளை படுக்கிறாள், வைக்காமல் போக மாட்டேன் என்றார். சரி என்றேன்.

புது வீடு குடிபூர முன்னம், மனைவியின் தமையன் வந்து சாமித் தட்டு அடித்தார். இரவு பகல் எரிய ஒரு சின்னச் சிவப்பு பல்ப். வயர் தெரிந்தால் வடிவில்லை என்று அதை முருகன் படத்துக்குப் பின்னால் மறைத்தார். கண்ணாடி போட்ட படம். நல்ல பாரம்.

வாடகை வீடுகளில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். சாமி அலுமாரிக்குள் இருந்தார். இப்போது அந்த விளக்கு எரிந்தால்தான் மனைவிக்கு இது சொந்த வீடு.

சில மாதம் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளிக்கிழமைகளில் விளக்கு அணையத் தொடங்கியது. அவள் தான் வேலை செய்யும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டிலிருந்து வந்து, முழுகி, படங்களைக் கழற்றித் துடைத்து, சந்தனம் வைத்துத் திரும்ப மாட்டுவாள். கற்பூரம் காட்டும்போது டக் என்று அந்தக் கூடுதல் சுவிச் விழும். அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் போய்விடும்.

நான் வியா மக்வேதா ரோட்டில் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிறேன். மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் வந்து கொஞ்சம் படுப்பேன். அந்த நேரம்தான் எழும்பிப்போய்ச் சுவிச்சைத் தூக்க வேண்டும். சிலவேளை நிற்கும். சிலவேளை திரும்ப விழும்.

"இந்த வீடு எங்களை ஏற்கேல்லைப் போல" என்றாள்.

"ஏன் ஏற்காது? கையெழுத்து வைச்சுத்தானே வாங்கினனாங்கள்."

"பகிடி விடாதேங்கோ. வெள்ளிக்கிழமையில சாமி விளக்கு அணையுது. அந்தச் சாமானைக் கழட்டச் சொல்லுங்கோ."

இத்தாலியருக்குப் போன் எடுத்தேன். கழற்ற மாட்டேன், எங்கேயோ வயர் பிழை, அடுத்த கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். அவள் தமையனுக்கு எடுத்தாள். அவர் ஞாயிறே வந்தார்.

"இவங்கள் புதுசு புதுசா ஏதும் பூட்டுவாங்கள், மச்சான். எங்கட ஆக்களுக்குச் சரிவராது."

மகளின் அறை சாமித் தட்டுக்கு மறுபக்கம். கட்டில் தலைமாடு அந்தச் சுவரோடு.

"அதைக் கழட்டினா என்ர அறைக்கும் பாதுகாப்பு இல்லையெல்லோ?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"மாமா, பாத்சோ?"

"எனக்குப் பைத்தியமெண்டா, என்னைக் கூப்பிட்ட உன்ர கொம்மாவுக்கு என்ன?" என்றார் அவர்.

எனக்குக் கழற்ற விருப்பமில்லை. வைத்து மாரடிக்கவும் களைப்பு. யாராவது முடிவெடுத்தால் காணும் என்று இருந்தது.

தூசி படும் என்று மனைவி படங்களைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். மச்சான் போட் மூடியைக் கழற்றினார். சுவிச் விழுந்து கிடந்தது.

"பழுதெண்டு காட்டுறன், பாருங்கோ." தூக்கினார். நின்றது. விளக்கும் எரிந்தது. தேத்தண்ணி குடித்து முடித்தோம். விழவில்லை.

"சாமானுக்கு என்னைக் கண்டு பயம்" என்றார்.

"அப்ப மாட்டுறன்" என்று மனைவி முருகனைத் தூக்கி ஆணியில் விட்டாள்.

டக்.

அவள் கழற்றினாள். நான் சுவிச்சைத் தூக்கினேன். நின்றது. மாட்டினாள். டக்.

"படத்தைத் திருப்பு" என்றேன்.

பின் மட்டையில் பொறி கருக்கிய ஒரு கறுப்பு. தொட உதிர்ந்தது. சட்டத்தின் பாரத்தில் வயரின் தோல் நசிந்து, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளியும் மாட்ட மாட்ட நசிந்திருக்கிறது.

மச்சான் மட்டையை மணந்து பார்த்தார்.

"நான் இழுத்த வயர்."

"ஓம்."

"வடிவுக்கு மறைச்சது, மச்சான்."

"தெரியும். மூடியைப் பூட்டுங்கோ."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். "பூட்டுங்கோ அண்ணை" என்றாள் அவளும். மெயினை நிறுத்திவிட்டு அந்த வயரைக் கழற்றி எடுத்தார். பிறகு மூடியைப் பூட்டினார்.

நான் மகளின் அறைக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். குளிர்ந்து இருந்தது. ஆனாலும் கட்டிலை இழுத்து நடுவில் விட்டேன்.

பொழுதுபட்டது. எண்ணெய் விளக்கு ஏற்றவா என்று மகள் கேட்டாள்.

"வேண்டாம். இஞ்சை மேலை மரம்" என்றாள் மனைவி. இத்தாலியர் வருமட்டும் இருக்கட்டும் என்று முருகனை அலுமாரிக்குள் வைத்தாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

விடிந்தால் இரண்டு பேருக்கும் வேலை. போய்ப் படுத்தோம்.